சமைக்கப் பிடிக்காதவர் காரைக்குடியில் இருந்துகொண்டு எடை குறைக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு வயது 34, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. வங்கி வேலையில் மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். வந்த பிறகு 9 கிலோ ஏறிவிட்டது. காலையில் கடை இட்லியும் வடையும், மதியம் மெஸ், மாலையில் டீயோடு வெள்ளைப் பணியாரம், இரவில் தோசை, வாரத்தில் மூன்று நாள் பரோட்டா. "சமைக்கப் பிடிக்கவில்லை, கற்றுக்கொள்ளவும் ஆசை இல்லை. யாரைக் கேட்டாலும் வீட்டில் சமைத்துச் சாப்பிடு என்கிறார்கள். ஒரு பெண் இப்படிச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இந்த ஊர்ச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு எடை குறைக்க வழியே இல்லையா?" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எடை குறைக்க வழி உண்டா என்பது ஒன்று. சமைக்கப் பிடிக்காதது குற்றமா என்பது நீங்கள் நேராகக் கேட்காத இன்னொன்று. இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: குற்றமே இல்லை. பாட்டுப் பாடப் பிடிக்காதவர் இருப்பதுபோல சமைக்கப் பிடிக்காதவரும் இருப்பார். அதில் ஆண் என்ன, பெண் என்ன. முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில் வேண்டும்.

நான் உணவியல் படித்தவள். மதுரையில் ஒரு மருத்துவமனையில் 6 வருடம் வேலை பார்த்துவிட்டு, 13 வருடமாகக் காரைக்குடியில் ஆலோசனை சொல்லி வருகிறேன். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, "எண்ணெயைக் குறைத்து வீட்டில் சமையுங்கள்" என்று நானும்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர், மனைவி தவறிப்போய்த் தனியாக இருந்தவர், அந்தத் தாளை என் மேசையிலேயே திருப்பி வைத்தார். "அம்மா, எனக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. நான் சாப்பிடுற கடையில என்ன கேக்கட்டும்னு சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் மதியம் அவர் சாப்பிடும் மெஸ்ஸிலேயே போய் உட்கார்ந்து, இலையில் எது எவ்வளவு விழுகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். எட்டு மாதத்தில் அவர் 7 கிலோ குறைந்தார். கடைசி வரை முட்டை அவிக்கும் சட்டியையும் ரைஸ் குக்கரையும் தவிர வேறு எதையும் அவர் தொடவில்லை. உங்களுக்குச் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அவரிடமிருந்து கற்றதுதான்.

முதலில் உறுதியான விஷயம். உடம்பு செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை இறங்கும். அந்தச் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்று உடம்புக்குத் தெரியாது. உங்கள் வயது, உயரம், எடைக்கு, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு, நாளொன்றுக்கு 1,800 முதல் 1,900 கலோரி வரை செலவாகும் என்பது என் கணக்கு. இது சூத்திரத்தில் போட்டுப் பார்த்த உத்தேசம், நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கலாம். நீங்கள் எழுதிய பட்டியலையும் கூட்டினேன். காலை 3 இட்லி, வடை, சட்னி, சாம்பார், காபி எல்லாம் சேர்ந்து 500 பக்கம் வரும். மெஸ் சாப்பாடு 750. மாலை 250. இரவில் இரண்டு தோசை என்றால் 350. ஆக தோசை நாளில் 1,850, அதாவது செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகிறது. பரோட்டா நாளில் கதை வேறு. ஒரு பரோட்டா அளவையும் எண்ணெயையும் பொறுத்து 250 முதல் 300 கலோரி. மூன்று பரோட்டாவும் சால்னாவும் 950 ஐத் தொட்டுவிடும். அன்றைய கணக்கு 2,450. ஒன்பது கிலோவில் பெரும்பங்கு இந்த மூன்று இரவுகளில் வந்தது என்றே நினைக்கிறேன். நீங்கள் இறங்க வேண்டிய இடம் 1,400 முதல் 1,500 வரை. அதற்குக் கீழே போக வேண்டாம்.

அடுத்து நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. சமையலில் எது பிடிக்கவில்லை? நாளைக்கு என்ன என்று யோசிப்பது, காய் வாங்கி நறுக்குவது, மசாலா அரைத்து அடுப்படியில் நின்று வதக்குவது, கடைசியில் பாத்திரம் கழுவுவது, இந்த நாலும் வெவ்வேறு வேலைகள். என்னிடம் "சமைக்கப் பிடிக்காது" என்று வந்தவர்களில் பலருக்குப் பாத்திரம் கழுவுவதுதான் பிடிக்காது. சிலருக்கு யோசிப்பது. உங்களுக்கு எது என்று தெரிந்தால் மற்ற மூன்றையும் தள்ள வேண்டியதில்லை. செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். இங்கே சமையல் என்றாலே மிளகு, சோம்பு, கல்பாசி எல்லாம் வறுத்து அரைத்து, எண்ணெய் தெளியும் வரை சுருள வதக்குவது என்ற படம் மனதில் பதிந்துவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து மலைத்துப்போய், ஒரு முட்டையை அவிப்பதையும் சமையல் கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். முட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். எக் பாய்லர் ஒன்று வாங்கினால் அதுவே நின்றுவிடும். இதை மட்டும் சமையல் என்று எண்ணாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். உங்களிடம் நான் கேட்கும் வீட்டு வேலை இதுவும், வேண்டுமானால் ரைஸ் குக்கரும்தான்.

இரவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் பெரிய தொகை போகிறது. பரோட்டாவை வாரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு இரண்டு, கூட ஒரு அவித்த முட்டை. பரோட்டா இனி வாழ்க்கையிலேயே கிடையாது என்று சபதம் எடுத்தவர்கள் மூன்றாவது வாரத்தில் நான்கு பரோட்டாவோடு திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் இந்த ஊர் உங்களுக்கு உதவும். சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு இடியாப்பமும் இட்லியும் அவித்துக் கொடுக்கிறார்கள். 3 இட்லி அல்லது அதே அளவு இடியாப்பம், வீட்டில் இருக்கும் 2 அவித்த முட்டை, ஒரு வெள்ளரிக்காய், இது 400 கலோரிக்குள் அடங்கும், வயிறும் நிறையும். தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து இடியாப்பம் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். கோசமல்லி கிடைக்கும் கடையாக இருந்தால் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் அதை இரண்டு கரண்டி அதிகம் கேளுங்கள். கத்திரிக்காயை அவித்து மசித்துப் புளிக்கரைசலில் செய்வது என்பதால், காயும் சேர்ந்து உள்ளே போகும்.

மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். மெஸ்ஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சமைக்காதவருக்கு ஒரு நாளில் கூட்டு, பொரியல், ரசம், மோர் எல்லாம் ஒரே இலையில் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். சிக்கல் சோற்றின் அளவிலும் குழம்பின் மேல் நிற்கும் எண்ணெயிலும் இருக்கிறது. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று வாங்கினால் சோறு 400 கிராமை எட்டிவிடும். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, ஆக சோறு மட்டுமே 520. அதே இலையில் கூட்டும் பொரியலும் சேர்ந்து ஒரு கைப்பிடி இருந்தால் அதிகம். இந்த விகிதத்தைத் திருப்ப வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளொன்றுக்குக் காய்கறி, கீரை 400 கிராமும், எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராமும் சொல்லியிருக்கிறார்கள். 27 கிராம் என்பது இரண்டு மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தெளிந்த எண்ணெயோடு குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டால் நாள் முழுவதுக்குமான அளவில் பாதி ஒரே இலையில் முடிந்துவிடும்.

எனவே மெஸ்ஸில் உட்கார்ந்ததும் சோறு வருவதற்கு முன்னால் கூட்டையும் பொரியலையும் சாப்பிட்டுவிடுங்கள். பிறகு பரிமாறுகிறவரிடம், "அண்ணே, வெஞ்சனம் இன்னொரு தடவை வைங்க, சோறு பாதி போதும்" என்று சொல்லுங்கள். கூட்டு, பொரியல் போன்ற தொடுகறியைத்தான் இங்கே வெஞ்சனம் என்பார்கள். தேவையென்றால் அதற்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுங்கள். முதல் வாரம் கூச்சமாக இருக்கும். நம் பக்கத்தில் இலை காலியாவதைப் பார்க்கப் பரிமாறுகிறவருக்கே மனசு கேட்காது, வேண்டாம் என்றாலும் அன்பாக ஒரு கரண்டி வைப்பார்கள். கையை இலைக்கு மேல் நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தினமும் போகிற இடம் என்றால் பத்து நாளில் அவர்களே பழகிக்கொள்வார்கள். அந்தப் பழம்பொருள் கடைக்காரருக்கு அவர் கேட்காமலே இரண்டு தடவை கூட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சோறு இரண்டே தடவை: ஒன்று குழம்புக்கோ சாம்பாருக்கோ, ஒன்று ரசத்துக்கு. மோரை டம்ளரில் வாங்கிக் குடியுங்கள். அசைவ நாளில் வறுத்த மீனுக்குப் பதில் குழம்பு மீன். தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வரும் மீன் இங்கே நன்றாகவே கிடைக்கிறது. கோழிக் குழம்பில் துண்டுகளை வாங்கிக்கொண்டு குழம்பைக் குறையுங்கள். உப்புக்கறி மாதத்துக்கு இரண்டு நாள் போதும், அது எண்ணெயிலேயே வேகும் கறி. அப்பளத்தையும் ஊறுகாயையும் விட்டுவிட்டால் உப்பும் குறையும். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, வெளியில் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாண்டாமல் இருப்பது கஷ்டம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, என்னிடம் வருகிறவர்களில் தனியாக இருப்பவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான். முழுச் சாப்பாடு வாங்காமல் கூட்டு, பொரியல், ரசம் மட்டும் பார்சல் வாங்குவது. சோற்றை வீட்டில் ரைஸ் குக்கரில் முக்கால் டம்ளர் அரிசி போட்டு எடுத்தால் இரண்டு வேளைக்கு வரும். சோறு எவ்வளவு என்பது அப்போது உங்கள் கையில். இங்கே பல தெருக்களில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் ஆச்சிகளும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மாதக் கணக்குப் பேசி, "வெஞ்சனம் மட்டும் போதும், ரெண்டு வகை, எண்ணெய் கம்மியா" என்று சொல்லலாம். கடையைவிட வீட்டுக்காரர்கள் இதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். வெண்டைக்காய் மண்டி, கீரை மசியல், சுரைக்காய்க் கூட்டு, தண்ணிக் குழம்பு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றால் வெளியூரில் மிளகுக் கோழியும் கறிப் பிரட்டலும்தான் தெரியும். உணவகங்கள் விற்பது விருந்துச் சாப்பாடு. வீடுகளில் சாதாரண நாளில் வைக்கும் மண்டியும் தண்ணிக் குழம்பும் எண்ணெய் குறைவானவை, அரிசி கழுவிய தண்ணீரிலும் பருப்புத் தண்ணீரிலும் நிற்பவை. அந்தச் சாப்பாடு கிடைத்தால் இந்த ஊரில் இருப்பது உங்களுக்கு ஒரு வரம் என்றே சொல்வேன்.

புரதம் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். உங்களுக்கு 60 கிராம் ஒட்டி வரும். எடை குறைக்கும்போது இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தசை கரையாமல் இருக்க உதவும், பசியும் தள்ளிப்போகும். உங்கள் பட்டியலில் இப்போது 40 கூட இருக்காது. அடுப்பே இல்லாமல் இதைச் சரிசெய்யலாம். முட்டை இரண்டில் 12 கிராம். தயிர் 200 கிராமில் 6. பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில் 6. கடையில் வாங்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப்பில் 12. மதியம் மீனோ கோழியோ 100 கிராம் இருந்தால் 20 க்கு மேல். இட்லியிலும் சோற்றிலும் பருப்பிலும் வருவது தனி. சைவ நாளில் சுண்டலையும் தயிரையும் கூட்டிக்கொள்ளுங்கள். முளைகட்டிய பயறை அப்படியே பச்சையாகச் சாப்பிடச் சொல்வார்கள். முளைக்கும் ஈரத்திலும் சூட்டிலும் கிருமி பெருகும், அதனால் ஆவியில் ஐந்து நிமிடமாவது வைத்தே சாப்பிட வேண்டும். அதற்கும் மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், சுண்டலே போதும்.

காலைச் சாப்பாட்டில் பெரிய குறை இல்லை. வடையை மட்டும் முட்டையாக மாற்றுங்கள். கடைக்குப் போகவும் அலுப்பாக இருக்கும் நாளில் சிகப்பு அவலைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, தயிரில் கலந்து, ஒரு கொய்யாவையோ வாழைப்பழத்தையோ நறுக்கிப் போட்டால் போதும். டீ ஒரு நாளைக்கு மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 30 கிராம், 120 கலோரி. "சீனி கம்மியா" என்று சொல்லிப் பழகுங்கள். நாக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

மாலைதான் இந்த ஊரில் கண்டம். இடைப்பலகாரம் என்று அதற்கென ஒரு வேளையே வைத்திருக்கும் ஊர் இது. உங்கள் அலுவலகத்தில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் டப்பா டப்பாவாக வரும். எண்ணெயில் பொரித்த இந்த வகைகள் 100 கிராமுக்கு 500 கலோரியை ஒட்டி இருக்கும். பேசிக்கொண்டே அள்ளும்போது நூறு கிராம் போவது தெரியாது. ஒரு சீப்புச் சீடையை எடுத்துக்கொண்டு டப்பாவை அடுத்த மேசைக்கு நகர்த்திவிடுங்கள். முகம் சுளித்து வேண்டாம் என்று சொல்லி யார் மனதையும் புண்படுத்த வேண்டியதில்லை. வாங்கிச் சாப்பிடும் நாளில் சுண்டல், பருவத்தில் அவித்த கடலை, தை, மாசியில் பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு, இவையெல்லாம் வண்டியில் கிடைக்கின்றன. வெள்ளைப் பணியாரம் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுங்கள், அது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள்.

அப்புறம், உறுதியில்லாத விஷயங்கள். "கவுனி அரிசி சாப்பிட்டால் இளைக்குமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். தவிட்டோடு இருப்பதால் நார் அதிகம், கருப்பு நிறத்துக்குக் காரணமான நிறமிச் சத்தும் நல்லதே. ஆனால் கலோரியில் மற்ற அரிசிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் வீடுகளில் அதைச் சீனி, தேங்காய்ப்பூ, நெய் போட்டு இனிப்பாகத்தான் செய்கிறோம். இளைக்க வைக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதமும் நல்ல நாரும் இருப்பதால் வயிறு நிறைந்து நிற்கும், அதனால் உதவும். கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் வலுவான ஆதாரம் இல்லை. மிளகுக்கும் அதுவே. பழைய சோறு வெயில் காலத்துக்கு அருமையான காலை உணவு, ஆனாலும் ஊறியதால் சோற்றின் கலோரி பெரிதாகக் குறைந்துவிடாது.

இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு 16 மணி நேரம் பட்டினி இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சீனாவில் 139 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2022 இல் வெளியானது. இரு குழுவும் ஒரே அளவுக் கலோரியைத்தான் குறைத்தார்கள். ஒரு குழு மட்டும் அதை 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டது. இரண்டு குழுவுக்கும் எடை இறங்கியது, நேரக் கட்டுப்பாட்டால் குறிப்பிடும்படி கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு வசதியாக இருந்தால் செய்யலாம், மந்திரம் எதுவும் அதில் இல்லை. மாலை ஐந்து மணிக்கே பசியோடு இருக்கும் உங்களுக்கு அது பலகாரக் கடையில் போய் முடியும் என்பது என் பயம். காயை முதலில் சாப்பிடச் சொன்னேனே, அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. எடை குறைவதற்கு அது எவ்வளவு உதவும் என்பது இன்னும் தெளிவாகவில்லை. நான் அதைச் சொல்வதற்குக் காரணம், முதலில் காயை முடித்தவர்கள் இரண்டாவது கரண்டிச் சோற்றைத் தாங்களாகவே வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

நடப்பது பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வந்தவர்கள், "இத்தனை நாள் நடந்தும் அரைக் கிலோகூட இறங்கலையே" என்று என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். வழியெல்லாம் அன்னதானம், பானகம், பலகாரம். நடையால் செலவழிவதைச் சாப்பாட்டில் மிக எளிதாகத் திரும்பப் பெற்றுவிடுவோம். எடை இறங்குவதில் சாப்பாட்டின் பங்கு பெரியது, இறங்கிய எடையை ஏறாமல் வைத்துக்கொள்வதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதிலும் நடையின் பங்கு பெரியது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. வங்கி முடிந்து இருட்டிய பிறகு தனியாக நடக்கத் தயக்கமாக இருந்தால் காலை ஆறரைக்கு நடங்கள், அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி 15 தடவை வீதம் மூன்று சுற்றுச் செய்தால் தொடைத் தசை காக்கப்படும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? முதல் மாதத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் கொஞ்சம் நீர். அதன் பிறகு வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ. ஆறு மாதத்தில் 5 கிலோ இறங்கினால் அது நல்ல பலன். உடம்பு லேசாகும்போது செலவும் குறைவதால் இடையில் எடை நின்றுபோகும், அப்போது பயந்து பட்டினி கிடக்க வேண்டாம். வாரத்தில் ஒரே நாள், காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் உப்பினால் ஒரு கிலோகூட ஏறிக் காட்டும், மாதவிலக்கு நாட்களிலும் அப்படித்தான். இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் உடல் நிறை குறியீடும் (BMI) நமக்கு 23 க்குள் இருக்க வேண்டும் என்றுதான் 2009 இல் இந்திய மருத்துவர்கள் சேர்ந்து வகுத்தார்கள். உங்களுடையது இப்போது 29.6. அந்த 23 ஐ நினைத்து இப்போதே மனம் தளர வேண்டாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களிடம் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை. எடைமுள் அசையாத வாரங்களில் இதைத்தான் என்னிடம் வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வேன்.

கடைசியாக, என்னால் இங்கிருந்து சொல்ல முடியாதவை. நான் மருத்துவர் இல்லை, உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. இரண்டு வருடத்தில் 9 கிலோ ஏற உணவு மட்டுமே காரணமாக இருக்கலாம், தைராய்டோ சினைப்பை நீர்க்கட்டியோ சேர்ந்திருக்கவும் கூடும். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா, முடி அதிகம் கொட்டுகிறதா, அசதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), கொழுப்பு, ஹீமோகுளோபின் நான்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சில சர்க்கரை மாத்திரைகளோடு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாகக் கீழே போய்விடும். எடை குறைக்கும் ஊசிகள் 2025 முதல் இந்தியாவில் அதற்கென்றே விற்பனைக்கு வந்துவிட்டன. அவை வேலை செய்கின்றன, ஆனால் உங்களுக்கு வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்தவர்கள் மூலம் வரும் இளைக்கும் பொடி, டீ எதையும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிராவிட்டால் வாங்காதீர்கள்.

இந்த வாரம் இரண்டே மாற்றம் செய்யுங்கள்: பரோட்டாவை ஒரு நாளாக்குவது, மெஸ்ஸில் இரண்டாவது தடவை கூட்டுக் கேட்பது. பரிசோதனை முடிவு வந்ததும் எண்களோடு இதே இடத்தில் எழுதுங்கள். நீங்கள் சாப்பிடும் மெஸ்ஸில் எந்தக் கிழமை என்ன கூட்டு, என்ன பொரியல் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அந்த ஏழு நாளுக்கும் இலையில் எதை எவ்வளவு வாங்கலாம் என்று நான் எழுதித் தருகிறேன்.